கேட்டில் கட்டிய மூன்று துண்டுத் தோல்

காசி வந்து இறங்கியபோது பூவரசன் ஒரு டிராக்டரின் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமலேயே வந்தது யார் என்று தெரிந்துவிட்டது. அந்த வேனின் சத்தம் அவனுக்கு அத்துப்படி. பதினோரு வருஷம் கைவைத்த வண்டி. நாலு வருஷமாகக் காதில் விழாமல் இருந்த சத்தம் இப்போது இருமிக்கொண்டும் திணறிக்கொண்டும், பின்னால் வெள்ளைப் புகையை இழுத்துக்கொண்டு, பேர்ணாம்பட்டு ரோட்டில் இருந்த அவனுடைய தகரக் கொட்டகைக்கே வந்து நின்றது.

வரட்டும், வராமல் எங்கே போய்விடுவான் என்று நினைத்துக்கொண்டான். பிடித்திருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தான். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்தான்.

காசி ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு பெரிய டேனரியின் ஸ்டோர் இன்சார்ஜ். வண்டிகளுக்கு ஊற்றுகிற டீசல் பேரலிலிருந்து தோலை மெதுவாக்கப் போடுகிற மீன் எண்ணெய் டிரம் வரைக்கும் எல்லாச் சாவியும் அவன் இடுப்பில்தான் தொங்கும். பூவரசன் அதே டேனரியின் வண்டி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த வேனின் டீசல் பம்ப் இறுகிப் பிடித்துக்கொண்டது. டீசலைத் திருடிவிட்டு எதையோ கலந்திருக்கிறார்கள் என்றார்கள். யார் கலந்தது என்ற கேள்வி எழுந்ததும் காசி நேராக ஷெட்டுக்குள் போய், மூலையிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். மெக்கானிக் ஷெட்டில் மண்ணெண்ணெய் இல்லாமல் பன்னீரா இருக்கும்? பார்ட்ஸ் கழுவ வைத்திருந்தது. அதைத் தொண்டை வறளச் சொல்லியும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய முதலாளி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். மகன் சுஹேல் அகமது படிப்பை முடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. காசி சொன்னதை அவன் அப்படியே நம்பினான்.

போலீஸெல்லாம் வேண்டாம், மற்றவர்களுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்று யோசனை சொன்னதும் காசிதான். சாயங்காலம் அஞ்சரைக்கு, ஷிப்ட் விடுகிற நேரத்தில், அந்த டப்பாவில் கயிறு கட்டிப் பூவரசன் கழுத்தில் மாட்டிக் கேட்டுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் நிறுத்தினார்கள். எழுநூறு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். செல்லை எடுத்துப் படம் பிடித்தவர்கள் உண்டு. நேற்றுவரை அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தவர்கள் காறித் துப்பிவிட்டுப் போனதும் உண்டு.

அந்த எழுநூறு பேரில் அவன் பெண்டாட்டி சுந்தரியும் ஒருத்தி. டேனரியை ஒட்டியே இருந்த ஷூ பிரிவில் அவளுக்குத் தையல் மெஷின் வேலை. துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பெனி பஸ்ஸையே பார்த்தபடி நடந்து போய் ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அவனுக்குச் சோறு போட்டாள். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அதைப்பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றிருந்தால் அவளுடைய வேலையும் போயிருக்கும், பாவம், வேறென்ன செய்வாள் என்று பூவரசன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மொத்தக் கோபத்தையும் காசியின் மேலேயே வைத்தான்.

டப்பாவை அவன் தூக்கிப் போடவில்லை. கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து, அதே கயிற்றோடு மாட்டி வைத்திருந்தான். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் ஸ்பேனரைத் தொடுவான். இதே டப்பா, இதே கயிறு, அதே கேட்டு, அதே அஞ்சரை மணி, காசியின் கழுத்து. சோளிங்கர் மலை ஏறியபோதுகூட அவன் வேண்டிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

காசிக்கும் டப்பா கண்ணில் பட்டிருக்க வேண்டும். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினான்.

"பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத பூவரசா. எஃப்சிக்கு ரெண்டு தபா போய்ட்டு வந்துச்சு வண்டி. பொக ஜாஸ்தின்னு திருப்பி அனுப்பிட்டான். சின்ன மொதலாளி உங்கிட்டதான் காட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

வண்டி ஓட்டத் தகுதியானதுதான் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் எழுதிக் கொடுக்காவிட்டால் வேன் ரோட்டில் இறங்க முடியாது. காட்பாடியில் ஒருவர் பம்பைக் கழற்றி மாட்டினாராம். வேலூரில் ஒருவர் டீசலைப் பீய்ச்சுகிற நான்கு நாசிலையும் புதிதாகப் போட்டாராம். புகை மட்டும் போகவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் புகையைப் பார்த்தே நோயைச் சொல்கிறவன் பூவரசன் என்று பேராகிவிட்டது. அதனால்தான் காசி வேண்டாவெறுப்பாக வந்து நிற்கிறான். உன் வண்டியைத் தொடமாட்டேன் போடா என்று சொல்லத்தான் பூவரசனுக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போ, காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும் என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் நாலைந்து முறை முனகிவிட்டுப் பிடித்தது. சைலன்சரிலிருந்து வெள்ளையாகக் கொட்டியது. கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம், ஃபில்டரைப் பார்க்கலாம். நீலம் கலந்து வந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே எரிகிறது. வெள்ளையாக வந்தால் ஒன்று தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் டீசல் சரியாக எரியாமல் வெளியே வர வேண்டும். ரேடியேட்டரைத் திறந்து பார்த்தான். தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை. ஆகவே டீசல்தான். குனிந்து, புகையை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தான்.

பக்கத்து வீட்டில் மீன் வறுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். காலை ஆறரைக்கு யார் மீன் வறுப்பார்கள்? மறுபடி முகர்ந்தான். புகையில்தான் இருந்தது அந்த வாசனை. எஞ்சினை நிறுத்தி ஒரு நாசிலைக் கழற்றிப் பார்த்தான். புதிதாகப் போட்ட நாசில். அதற்குள் முனையில் பழுப்பாக, பிசுபிசுவென்று பசை பிடித்திருந்தது. டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலை எடுத்து விரலால் தேய்த்தான். வழுக்கவில்லை, ஒட்டியது. அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டான்.

மீன் எண்ணெய். ஸ்டோரில் பூட்டி வைக்கிற டிரம்மில் இருப்பது. டீசலை எடுத்து வெளியே விற்றுவிட்டு, பேரல் குறையாமல் இருக்க அதை ஊற்றி நிரப்புகிறான் காசி. மண்ணெண்ணெய் வாங்க வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும், நாலு பேர் கண்ணில் படும். இது கைக்கு எட்டுகிற தூரத்தில், அவன் சாவியிலேயே இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் பம்ப் பிடித்துக்கொண்டதும் இதனால்தான்.

அப்போதே ஏன் தெரியவில்லை? பூவரசனுக்கு அது புரிய நேரமாகவில்லை. அப்போது அவனுக்கு மூக்கே இல்லை. டேனரிக்குள் இருக்கிறவர்கள் யாருக்கும் இல்லை. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் நாறுகிற இடத்தில் பதினோரு வருஷம் மூச்சுவிட்டவன் எதை முகர்ந்து எதைக் கண்டுபிடிப்பான்? வெளியே துரத்தப்பட்டு ஒரு வருஷம் கழித்துத்தான் மூக்கு திரும்பி வந்தது. ஒருநாள் சுந்தரியின் தலையில் மல்லி வாசனை அடித்தது. புதுசா பூ வைக்கிறியா என்று கேட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்தே வைக்கிறேன் என்றாள் அவள். அதற்கப்புறம் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அந்த வாசனைதான் அவனுக்கு எட்டும். அது அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

என்னைத் துரத்தி எனக்கு மூக்கைக் கொடுத்ததே நீதானடா என்று காசியை நினைத்துச் சிரித்தான். அப்படி வாய்விட்டுச் சிரித்து நாளாகியிருந்தது.

காசிக்கு எதுவும் சொல்லி அனுப்பவில்லை. வேனைத் தானே ஓட்டிக்கொண்டு டேனரிக்குப் போனான். கேட்டிலேயே நிறுத்தி, சுஹேல் அகமதுவை வெளியே வரச் சொல்லி ஆள் அனுப்பினான். சாப்பாட்டு நேரம், நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். எஞ்சினை முறுக்கி, புகையை மோந்து பாருங்க பாய், இது உங்க ஸ்டோர்ல இருக்கிற மீன் எண்ணெய் என்றான். சுஹேல் குனிந்து முகர்ந்தான். இருமினான். எல்லா டீசல் புகையும் போலத்தான் இருக்கிறது என்றான். கூட்டத்திலிருந்து இன்னும் சிலர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்தே அந்தக் காற்றை இழுக்கிறவர்கள். பூவரசன் இதை யோசிக்கவில்லை. அவசரப்பட்டு வந்து மாட்டிக்கொண்டான்.

காசிக்கு உயிர் வந்தது. "இவன் இன்னா போலீஸ் நாயா, மோந்து பாத்துத் திருடனப் புடிக்க?" என்றான். கூட்டம் சிரித்தது. அதே கேட்டு. அதே சிரிப்பு. பூவரசனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. காசி அத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பான். நிறுத்தவில்லை. "அப்படியே மீன் எண்ணெய் இருந்தாலும், வண்டி நேத்துலேர்ந்து இவங்கிட்டதான இருந்துச்சு பாய்? இவனே ஊத்திக் கொண்டாந்திருப்பான்."

"சரி, டேங்க்ல இருக்கிறது வாணாம்," என்றான் பூவரசன். "உன் பேரல்லேர்ந்து எடு. எல்லாரும் பாக்கறப்பவே எடு."

பிறகு சுஹேலிடம் திரும்பி, இன்னும் எண்ணெய் போடாமல் காய வைத்திருக்கிற தோலில் மூன்று துண்டு வேண்டும் என்று கேட்டான். எண்ணெய் காணாத தோல் பலகை மாதிரி விறைத்து நிற்கும். ஒன்றில் பெட்ரோல் பங்க்கிலிருந்து அப்போதே வாங்கி வந்த டீசல், ஒன்றில் ஸ்டோர் பேரல் டீசல், ஒன்றில் ஸ்டோர் மீன் எண்ணெய். மூன்றையும் கேட்டிலேயே கட்டி வெயிலில் விடுவோம். டீசல் பறந்துபோனால் தோல் மறுபடி விறைக்கும். மீன் எண்ணெய் என்றால் போகாது. தோலுக்குள் இறங்கி மஞ்சளாகும், துணி மாதிரி ஆக்கிவிடும். இங்கே இருக்கிறவர்களுக்கு மூக்கு இல்லாமல் இருக்கலாம், தோலைத் தொட்டால் தெரியாத கை ஒன்றுகூட இல்லை என்றான்.

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. தோல் என்றதும் எல்லோருக்கும் அது தங்கள் சமாச்சாரமாகிவிட்டது. சுஹேல் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். காசி தன் இடுப்புச் சாவியாலேயே ஸ்டோரைத் திறந்து, தன் கையாலேயே பேரலிலிருந்தும் டிரம்மிலிருந்தும் பிடித்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு துண்டின் பின்னாலும் சுஹேல் கையெழுத்துப் போட்டான். அப்போதே ஸ்டோர் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டான். வாட்ச்மேன் மூன்றையும் கேட்டுக் கம்பியில் வரிசையாகக் கட்டினான்.

பங்குனி வெயில் மூன்று நாளும் குறை வைக்கவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் துண்டுகளை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தொடக்கூடாது என்று உத்தரவு. பூவரசன் கடையில் உட்கார்ந்தபடியே காசியின் ஒவ்வொரு மணி நேரத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். கேட்டுக்குள் நுழையும்போது பார்ப்பான், டீ குடிக்கப் போகும்போது பார்ப்பான், வெயில் ஏற ஏற மறுபடி வந்து பார்ப்பான். அந்த மூன்று நாளும் பூவரசனுக்குத் தீபாவளிதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் காசி கொட்டகைக்கு வந்தான். நடந்தே வந்திருந்தான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வரச் சொல்லி பூவரசன் கூப்பிடவில்லை. காசி வெயிலிலேயே நின்று பேசினான். "போலீஸ்ல வேணாலும் குடு. வேலய வுட்டு வேணாலும் எடுக்கட்டும். கேட்டாண்ட மட்டும் நிறுத்திடாத பூவரசா. பட்டம்மா அங்கதான் வேல செய்யறா."

பட்டம்மாள் அவன் பெண்டாட்டி. டேனரியில் தோல் ஓரம் வெட்டுகிற இடத்தில் இருப்பவள்.

"அன்னிக்கி எம்பொண்டாட்டியும் அங்கதான் வேல செஞ்சா," என்றான் பூவரசன்.

காசி கையெடுத்துக் கும்பிட்டான். பூவரசன் அதை நிதானமாகப் பார்த்தான். பரிதாபம் வருகிறதா என்று உள்ளே தேடிக்கூடப் பார்த்தான். வரவில்லை. எழுந்து போய் டிராக்டரின் ஃபில்டரை மாட்ட ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் காலையில் சுந்தரியிடம் சொன்னான். இன்றைக்கு வேலை விட்டதும் பஸ்ஸில் ஏறாதே, கேட்டுக்கு வெளியே வந்து என் பக்கத்தில் நில் என்றான். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. ஷூ பிரிவு முழுக்க மூன்று நாளாக அதே பேச்சாகத்தான் இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினாள்.

ஐந்து மணிக்கு சுஹேல் துண்டுகளை அவிழ்க்கச் சொன்னான். பங்க் டீசல் துண்டை வளைத்தான். மடங்காமல் படக்கென்று திரும்பி நின்றது. மீன் எண்ணெய்த் துண்டு மஞ்சளாகி, கையில் தொய்ந்து விழுந்தது. நடுவில் இருந்த பேரல் டீசல் துண்டை எடுத்தான். அதுவும் மஞ்சள். அதுவும் தொய்ந்தது. கட்டைவிரலால் அழுத்தி, திருப்பி, மறுபடி அழுத்தினான். முகம் சிவந்துபோயிற்று. காசியைப் பார்த்து, எத்தனை வருஷமா என்று கேட்டான். காசி தரையைப் பார்த்தான்.

சுஹேல் போலீஸுக்குச் சொல்லப் போனை எடுத்தான். அப்போது பூவரசன் தன் மோட்டார் பைக்கிலிருந்து டப்பாவை எடுத்து வந்தான். கயிறு வெளுத்திருந்தது, முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது.

"அது வாணாம் பூவரசன்," என்றான் சுஹேல். "அன்னிக்கி நான் பண்ணதே தப்பு."

"தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு பாய். எழுநூறு பேருக்கு எப்படித் தெரியும்?"

சுஹேல் டப்பாவைப் பார்த்தான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். காசி தலையைக் குனிந்து கொடுத்தான். பூவரசனே கயிற்றை மாட்டினான். நாலு வருஷமாக மனதுக்குள் ஆயிரம் முறை மாட்டிய கயிறு. கை கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

அஞ்சரைக்குச் சங்கு ஊதியது. கூட்டம் கேட்டில் அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று துண்டுகளும் கைமாறிக் கைமாறிப் போயின. தொட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். மூன்று நாளைக்கு முன் சிரித்தவர்களே, எண்ணெய் குடிச்ச தோலு, இதுல இன்னா சந்தேகம் என்றார்கள். இரண்டு பேர் பூவரசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சுந்தரி அவன் சொன்னபடியே வந்து பக்கத்தில் நின்றாள். நடுத்துண்டு அவளிடம் வந்தபோது வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தைக்கப்போகிறவளைப் போல மெல்ல மடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். பூவரசனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இதற்குமேல் வாழ்க்கையில் தனக்கு ஒன்றும் தேவையில்லை என்று தோன்றியது.

பட்டம்மாள் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. காசியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள் என்று பூவரசன் காத்திருந்தான். அதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாகவே இருந்தது. காசியும் அதைப் பார்த்து எரிய வேண்டும்.

அவள் காசியின் முன்னால் போய் நின்றாள். "நீதான் செஞ்சியா?" என்று கேட்டாள். காசி ஆமாம் என்று தலையாட்டினான். பளார் என்று ஒரு அறை விட்டாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி, அவனுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். தலையை மூடிக்கொள்ளவில்லை. செல்லைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். செல்கள் இறங்கின. பஸ் ஹாரன் அடித்தது, அவள் நகரவில்லை. அரைமணி நேரமும் அப்படியே நின்றாள்.

பூவரசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காசியை அவன் மறந்தேபோனான். சுந்தரி பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கி நீ ஏன் நிக்கல?"

அவனே பதிலையும் எடுத்துக் கொடுத்தான். "வேல போய்டும்னு பயந்துட்டியா?"

"இல்ல," என்றாள் சுந்தரி. அவளும் பட்டம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீதான் டீசல எடுத்திருப்பன்னு நெனச்சேன்."

"நாலு வருஷமாவா?"

"அந்தத் தோல என் கையால தொட்டுப் பாக்கற வரிக்கும்."

ஆறு மணிக்கு, அவிழ்க்கலாமா என்று வாட்ச்மேன் பூவரசனைப் பார்த்தான். பூவரசன் அசையவில்லை. பட்டம்மாளே காசியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, டப்பாவைக் கொண்டுவந்து பூவரசனின் கையில் கொடுத்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. காசியைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய்விட்டாள்.

பைக்கில் சுந்தரி பின்னால் உட்கார்ந்து வந்தாள். வண்டி பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியது. டப்பா ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டே வந்தது. முடிஞ்சுபோச்சே, அத இன்னும் எதுக்கு எடுத்துனு வர்ற, தூக்கிப் போடேன் என்றாள். அவன் கேட்காத மாதிரி ஓட்டினான்.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அடுப்படியில், அவள் சமைக்கிற இடத்துக்கு நேர் எதிரே சுவரில் ஒரு ஆணி அடித்தான். டப்பாவை அதே கயிற்றோடு மாட்டினான். சுந்தரி கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினி நாளுக்கு?" என்று கேட்டாள்.

அவன் அவளைத் தாண்டி வெளியே போனான். தாண்டும்போது அவள் தலையிலிருந்து மல்லி வாசனை அடித்தது. மூன்று வருஷமாக அவன் ரசித்த வாசனை அது. அன்றைக்கு அவனுக்குக் குமட்டியது.